விஷமும் வித்தையும்

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பாடத்தில் பின்தங்கிப் போனால், அதற்குக் காரணம் தேடுவதில் நம் சமூகம் ஒருநாளும் சோம்பல் காட்டியதில்லை. வாத்தியார் சரியில்லை என்போம். தாய் தந்தையர் எழுத்தறியாதவர்கள் என்போம். கைப்பேசியைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்போம். இவை ஒன்றும் பொருந்தாத இடத்தில் எல்லாம் தலையெழுத்து என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வோம். அந்தப் பிள்ளை கர்ப்பத்தில் இருந்த மாதங்களில் அதன் தாய் எந்த வயலில் களை எடுத்தாள், அந்த வயலில் என்ன மருந்து அடித்திருந்தார்கள், அவள் உண்ட காய்கறியில் அம்மருந்து எவ்வளவு மிஞ்சியிருந்தது என்று கேட்பவர் மட்டும் எவரும் இல்லை. அப்படிக் கேட்க வேண்டியது அவசியம் என்பதும், கேட்பதற்கு வேண்டிய சாஸ்திர ஆதாரம் சென்ற கால் நூற்றாண்டில் போதிய அளவு திரண்டுவிட்டது என்பதும், அந்த ஆதாரத்தில் ஒரு முக்கியமான பகுதி நம் மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தே கிடைத்தது என்பதும் இக்கட்டுரையின் விஷயம்.

விஷம் உடனே கொன்றால் நாடு விழித்துக்கொள்கிறது. 2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, பீகார் மாநிலத்துச் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்னும் சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள், சமையலில் கலந்துவிட்ட மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்தால் மாண்டபோது, தேசம் முழுவதும் பதறிற்று. நேர்ந்த தீங்குக்கும் அதன் காரணத்துக்கும் இடையே சில நாழிகைகளே இருந்தபடியால், எவருக்கும் சந்தேகம் எழவில்லை. வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. ஆனால் அதே இனத்து விஷம், கொல்லாத அளவாக, மூச்சோடும் சோற்றோடும் வருஷக்கணக்கில் சரீரத்தில் சேருமாயின், காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே ஏழெட்டு வருஷங்கள் வந்து நின்றுவிடுகின்றன. அங்கே பிரேதம் இல்லை, பரிசோதனை இல்லை, குற்றவாளி இல்லை. கணக்குப் போடத் தடுமாறுகிற, ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிற ஒரு பிள்ளை மாத்திரமே இருக்கிறது.

ஆர்கனோபாஸ்பேட் என்று ரசாயன சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் வகுப்பைச் சேர்ந்த குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், குயினால்பாஸ், அசிபேட் முதலியவை நம் உரக்கடைகளில் சர்வசாதாரணமாகக் கிடைப்பவை. இவை பூச்சியைக் கொல்லும் விதம் எளிதில் விளங்கக்கூடியது. ஒரு நரம்பிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருள், தன் வேலை முடிந்தவுடன் ஒரு நொதியால் சிதைக்கப்பட வேண்டும். பாத்தி நிறைந்ததும் மடையை அடைப்பதுபோல அந்த நொதி செய்தியை நிறுத்துகிறது. மருந்து அந்த நொதியை முடக்கிவிடவே, செய்தி நில்லாமல் பெருகி, பூச்சி துடித்துச் சாகிறது. அதே அசிட்டைல்கோலினும் அதே நொதியும் மனிதனுக்கும் உண்டு. ஆகவே மனிதனுக்கு எவ்வளவு வரை தகும் என்று நிர்ணயிக்கப் புகுந்த அதிகாரிகள், ரத்தத்தில் அந்த நொதியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல்லாண்டுகளாகப் பத்தில் ஒரு பங்கு குறைவையே எல்லைக்கோடாக வைத்திருந்தது. அந்தக் கோட்டுக்கு இப்பால் இருப்பதெல்லாம் பத்திரம் என்பது அனுமானம்.

இந்த அளவுகோல், வளர்ந்து முடிந்த ஒரு சரீரத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. கருவில் இருக்கும் சிசுவின் மூளையில் அசிட்டைல்கோலின் செய்தி சுமக்கும் வேலையை மட்டும் செய்வதில்லை. நரம்பணுக்கள் எப்போது பெருக வேண்டும், எந்தத் திசையில் நீள வேண்டும், எதனோடு எது இணைய வேண்டும் என்று கட்டுமானத்தை நடத்தும் காரியமும் அதற்கு உண்டு. கட்டி முடித்த வீட்டில் ஏற்படும் பழுதைச் சீர்ப்படுத்தலாம்; அஸ்திவார நாளிலேயே திசை மாறியதைப் பின்னால் திருத்துவது அரிது. மேலும், இம்மருந்துகளைச் சிதைத்து அப்புறப்படுத்துகிற பாராக்ஸோனேஸ் என்ற மற்றொரு நொதி, பிறந்த சிசுவிடம் தாயினிடத்தில் உள்ளதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே இருக்கிறது. அது பெரியவர் அளவை எட்டப் பல வருஷங்கள் ஆகின்றன. குழந்தையோ தன் எடைக்கு ஏற்பப் பெரியவரைக் காட்டிலும் அதிகம் உண்கிறது, அதிகம் சுவாசிக்கிறது, தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிறது. அதிகம் பெறுவதும் அதுவே, தற்காப்புக் குறைந்ததும் அதுவே.

இவை வெறும் யூகங்கள் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், கீரைகளும் ஸ்ட்ராபெரியும் விளையும் சலினாஸ் பள்ளத்தாக்கில், பெரும்பாலும் மெக்ஸிகோவிலிருந்து வந்து கூலிக்கு உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 600 கர்ப்பிணிகளை 1999, 2000-ஆம் ஆண்டுகளில் பதிவு செய்துகொண்டு, பெர்க்கிலி சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரெண்டா எஸ்கனாஸி என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு குழு அவர்களுடைய பிள்ளைகளைப் பிறந்த நாள் முதல் பின்தொடர்ந்தது. கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் சிதைவுப் பொருள் மிக அதிகமாக இருந்த ஐந்திலொரு பகுதியினரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்த ஐந்திலொரு பகுதியினரின் பிள்ளைகளைக் காட்டிலும், ஏழு வயதில் அறிவுத்திறன் பரீட்சையில் சராசரி 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள் என்று 2011-இல் ஒரு சஞ்சிகையில் அவர்கள் வெளியிட்டார்கள். அதே மாதத்தில், அதே சஞ்சிகையில், நியூயார்க் நகரத்தில் செய்யப்பட்ட வேறு இரண்டு ஆராய்ச்சிகளும் ஏறத்தாழ இதே முடிவைச் சொல்லின. அவற்றில் ஒன்றை நடத்திய கொலம்பியா சர்வகலாசாலைக் குழு, வயலையே காணாத நகரத்து ஏழைத் தாய்மாரிடம், கரப்பான்பூச்சிக்காக வீட்டுக்குள் அடித்த குளோர்பைரிபாஸைத் தொப்புள்கொடி ரத்தத்தில் அளந்திருந்தது. இனமும் தொழிலும் வேறு, சேர்ந்த வழி வேறு, அளந்த முறை வேறு, முடிவு ஒன்று. அடுத்த ஆண்டில் அப்பிள்ளைகளில் 40 பேரின் மூளையைக் காந்த அலைக் கருவியால் படம் எடுத்துப் பார்த்தபோது, அதிகம் விஷம் சேர்ந்தவர்களின் மூளைப் புறணியில் சில பகுதிகள் இயல்புக்கு மாறாகத் தடித்தும் சில பகுதிகள் மெலிந்தும் இருக்கக் கண்டார்கள்.

ஏழு புள்ளி என்ன பெரிய நஷ்டம் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு பிள்ளையின் விஷயத்தில் அது கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம். ஆனால் ஒரு ஜனசமூகம் முழுவதற்கும் சராசரி 100-லிருந்து 95-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த 5 புள்ளியால், 70-க்குக் கீழே விழுந்து வாழ்நாள் முழுவதும் பிறர் துணையை நாட வேண்டிய பிள்ளைகளின் தொகை ஏறக்குறைய இருமடங்காகிறது. 130-க்கு மேலே நிற்கும் மேதைகளின் தொகை பாதிக்கும் கீழே போகிறது. இது கணித சாஸ்திரத்தின் சாதாரண விதி. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை படித்து முன்னேறுவதற்காக நாம் பள்ளி கட்டுகிறோம், காலை உணவு போடுகிறோம், மிதிவண்டி கொடுக்கிறோம்; ஒரு கையால் இவற்றையெல்லாம் கொடுத்துவிட்டு, படிக்கும் சக்தியையே மறு கையால் பிடுங்கிக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

இதுவரை சொன்னது மருந்து நேரே மூளையைத் தாக்கும் வழி. சென்ற இருபது வருஷங்களில் விஞ்ஞானிகளின் கவனம் மற்றொரு வழியின்மேல் திரும்பியிருக்கிறது. அது வயிற்றின் வழி. மனித சரீரத்திலுள்ள அணுக்கள் எத்தனையோ, ஏறத்தாழ அத்தனை பாக்டீரியாக்கள் நம்முள், பெரும்பாலும் பெருங்குடலில், குடியிருக்கின்றன. சிசு இவற்றைப் பிறக்கும்போது தாயிடமிருந்து பெறத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் சிசுவால் ஜீரணிக்க முடியாத சர்க்கரைப் பொருள்கள் கணிசமாக இருப்பது விநோதமாகத் தோன்றலாம். அவை சிசுவுக்காக அல்ல, அதன் குடலில் குடியேறும் பிஃபிடோ பாக்டீரியா முதலியவற்றுக்கான ஆகாரம். இந்தக் குடித்தனம் நிலைபெற்றுப் பெரியவர்களுடையதை ஒத்த அமைப்பை அடைவதற்குச் சுமார் மூன்று வருஷங்கள் ஆகின்றன. மூளை மிக வேகமாக வளர்வதும் அதே வருஷங்களில்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இவ்விரண்டும் ஒரே காலத்தில் நடப்பது தற்செயல் அல்ல என்று காட்டிய முதல் பரிசோதனைகளுள் ஒன்று 2004-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியூஷு சர்வகலாசாலையில் நடந்தது. பாக்டீரியா வாடையே படாமல் வளர்க்கப்பட்ட எலிகள், சிறிது இடைஞ்சல் நேர்ந்தாலும் மற்ற எலிகளைவிட மிகுதியாகக் கலங்கின. அவற்றின் ரத்தத்தில் கலக்கத்தைக் குறிக்கும் சுரப்புகள் எல்லைமீறி ஏறின. சிறு பருவத்திலேயே குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்தபோது இந்தக் குறை நீங்கிற்று. பருவம் கடந்தபின் கொடுத்தபோது நீங்கவில்லை. 2011-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், ஒருவகை லாக்டோபேசில்லஸைக் கொடுத்து எலிகளின் அச்சத்தைத் தணித்துக் காட்டியதோடு, குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பை அறுத்துவிட்டால் அந்தப் பலன் மறைந்துபோவதையும் காட்டினார்கள். 2014-இல் ஸ்வீடனில், பாக்டீரியா இல்லாத எலிகளிடம், ரத்தத்திலுள்ள வேண்டாத பொருள்கள் மூளைக்குள் புகாமல் காக்கும் தடுப்பே தளர்ந்திருக்கக் கண்டார்கள். குடலின் குடிகளுக்கு மூளையின் வளர்ச்சியில் பங்கு உண்டு என்பதில், பிராணிகளைப் பொறுத்தமட்டில், இனி ஆட்சேபம் சொல்வதற்கு இடமில்லை.

அப்படியானால் அந்தக் குடிகளைப் பூச்சிமருந்து என்ன செய்கிறது? பிரான்ஸ் தேசத்து அமியேன் நகரத்தில் ஒரு குழு, மனிதக் குடலைப் போலவே இயங்கும்படி செய்த கண்ணாடிக் கலங்களிலும், கர்ப்பத்திலிருந்தே குளோர்பைரிபாஸ் ஊட்டப்பட்ட எலிகளிலும் இதைச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டது. குறைந்த அளவு மருந்து நாள்தோறும் சேரச் சேர, லாக்டோபேசில்லஸும் பிஃபிடோ பாக்டீரியாவும் குறைந்தன. வேறு சில இனங்கள் பெருகின. தாய்ப்பால் எதைப் போஷிக்கிறதோ அதையே மருந்து நசுக்கிற்று என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

ஆனால் எல்லாவற்றிலும் கவனத்தைக் கவர்வது, மதுரை காமராசர் சர்வகலாசாலையைச் சேர்ந்த குழு 2017-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி. மதுரையை அடுத்த கிராமங்களில் சுமார் 3,000 பேரைப் பரிசோதித்தபோது, பூச்சிமருந்தோடு நேரடித் தொடர்புள்ள விவசாய ஜனங்களிடையே நீரிழிவு 18.3 சதவிகிதமாகவும், அத்தகைய தொடர்பு இல்லாதவர்களிடையே 6.2 சதவிகிதமாகவும் இருந்தது. சர்க்கரையை மட்டும் தின்று வளர்ந்தவர்கள் அல்லர் இந்த ஜனங்கள். வெயிலில் உழைத்துத் தேய்ந்தவர்கள். ரத்தத்தில் ஆர்கனோபாஸ்பேட் மருந்தின் மிச்சம் ஏற ஏற, சர்க்கரையின் அளவும் ஏறிற்று. ஆனால், இதுவரை பாதுகாப்பின் அளவுகோலாகக் கொண்டிருந்த அந்த நொதியோடு அதற்கு யாதொரு சம்பந்தமும் காணப்படவில்லை. காரணத்தைத் தேடி எலிகளுக்கு 180 நாள் மோனோகுரோட்டோபாஸைச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்த்தார்கள். எலியின் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் மருந்தைச் சிதைத்து அசிட்டிக் அமிலம் முதலியவற்றை உண்டாக்கின. அவ்வமிலம் சர்க்கரை உற்பத்தியைத் தூண்டிற்று. அந்த எலிகளின் மலத்திலுள்ள பாக்டீரியாக்களை மருந்தே படாத எலிகளின் குடலில் சேர்த்தபோது, அவற்றுக்கும் சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும் சக்தி குன்றியது.

இதன் பொருளைச் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளுக்காக வாதாடுவோர் எப்போதும் சொல்லிவந்த சமாதானம், இவை பழைய டி.டி.டி.யைப் போலத் தங்கிக் கிடப்பவை அல்ல, விரைவில் சிதைந்துபோகின்றன என்பது. சிதைப்பது யார், சிதைத்தபின் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு மதுரை ஆராய்ச்சி ஒரு விடை சொல்லிற்று. இதே விதமான சமாதானம் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லிக்கும் உண்டு. அது தடைசெய்யும் ரசாயன வழி செடிகளுக்கே உரியது, மனித அணுக்களில் இல்லை, ஆகவே மனிதனுக்கு அபாயமில்லை என்பார்கள். மனித அணுவில் அவ்வழி இல்லை என்பது உண்மையே. மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பலவற்றில் அது இருக்கிறது என்பதும் உண்மையே. மனிதன் என்றால் அவனுடைய சொந்த அணுக்கள் மட்டுமே என்று வைத்துக்கொண்டு போடப்பட்ட கணக்கு எவ்வளவு குறைபாடுள்ளது என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருந்து சிசுவின் மூளையைப் பாதிக்கிறது என்பதற்கு மனிதரிடமே எடுத்த ஆதாரம் பலமாக இருக்கிறது. மருந்து குடல் பாக்டீரியாக்களை மாற்றுகிறது என்பதற்குப் பிராணிகளிடமும் கலங்களிலும் எடுத்த ஆதாரம் இருக்கிறது. குடல் பாக்டீரியா மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது என்பது பிராணிகளில் உறுதியாகவும், மனிதக் குழந்தைகளில் ஓரளவாகவும் தெரிந்திருக்கிறது. 2018-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 89 குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஒரு வயதில் குடல் பாக்டீரியாக்கள் எவ்வாறு அமைந்திருந்தன என்பதற்கும் இரண்டு வயதில் அவர்களது அறிவுத்திறனுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆயினும் மருந்து, குடல், மூளை ஆகிய மூன்றையும் ஒரே குழந்தையிடம் தொடர்ச்சியாக அளந்து முடிச்சுப் போடும் வேலை இன்னும் முற்றுப்பெறவில்லை. அதோடு, இந்தப் பாக்டீரியா நல்லது, அந்தப் பாக்டீரியா கெட்டது என்று முத்திரை குத்திவிடவும் முடியாது. வட கரோலினாவில் கெட்டிக்காரக் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்பட்ட பேக்டிராய்டிஸ் என்ற இனமே, அமியேன் பரிசோதனையில் மருந்து பட்டுப் பெருகிய இனங்களில் ஒன்றாக இருந்தது. சிக்கலான இந்தக் குடித்தனத்தில் ஒருவரைப் பிடித்து உயர்த்துவதாலோ தாழ்த்துவதாலோ காரியம் ஆகிவிடாது.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயிற்றுக்கும் மூளைக்கும் சம்பந்தம் என்ற பேச்சு எழுந்ததும் முதலில் சுறுசுறுப்படைந்தவர்கள் வியாபாரிகள். பாக்டீரியா அடைத்த மாத்திரைகளும், பானங்களும், பொடிகளும், பிள்ளையின் புத்தியைக் கூர்மையாக்கும் என்ற வாக்குறுதியோடு கடைகளில் வந்து நிற்கின்றன. இவற்றால் பூச்சிமருந்தின் தீங்கை மனிதக் குழந்தையிடம் மாற்றிவிடலாம் என்பதற்கு நிரூபணம் இல்லை. அதைவிடப் பெரிய தீமை என்னவென்றால், ராஜாங்கமும் ஆலைகளும் சுமக்க வேண்டிய பொறுப்பைத் தாயின் தலையில் இறக்கி வைக்கும் தந்திரம் இதில் அடங்கியிருக்கிறது. நீ ஏன் இந்தப் பொடியை வாங்கிக் கொடுக்கவில்லை, நீ ஏன் இயற்கைக் காய்கறி வாங்கவில்லை என்று அவளைக் கேட்பது சுலபம். வாங்குவதற்கு அவளிடம் காசு இருக்கிறதா என்று கேட்பார் இல்லை. மருந்துக்குப் பயந்து கீரையையும் காயையும் குறைத்துக்கொள்வதும் பேதைமையே. அவை இல்லாத வயிற்றில் நல்ல பாக்டீரியாவும் வாழாது, நல்ல மூளையும் வளராது. காயை நன்றாகக் கழுவிச் சமைப்பது, மருந்து அடித்த வயலில் கர்ப்பிணி இறங்காமல் பார்த்துக்கொள்வது, வீட்டுக்குள் பூச்சிமருந்தைத் தவிர்ப்பது ஆகிய அளவில் குடும்பத்தின் பங்கு நின்றுவிடுகிறது. மீதியெல்லாம் சட்டத்தின் பங்கு.

சட்டத்தால் என்ன ஆகும் என்று சலிப்பவர்களுக்கு நியூயார்க் நகரத்தின் அனுபவமே பதில். குளோர்பைரிபாஸை வீடுகளில் பயன்படுத்துவதற்கு 2000-ஆம் ஆண்டில் முடிவு கட்டி, 2001-இறுதிக்குள் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். அதன்பின் பிறந்த சிசுக்களின் தொப்புள்கொடி ரத்தத்தில் அம்மருந்தின் அளவு வெகுவாக வீழ்ச்சியடைந்தது. அதற்கும் முன்னே, 1993-இல், பிலிப் லாண்ட்ரிகன் என்ற குழந்தை மருத்துவரின் தலைமையில் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சார்பாக அமைந்த குழு, குழந்தை என்பது சிறிய உருவமுள்ள பெரியவர் அல்ல என்பதை விளக்கமாக எடுத்துரைத்தது. அதன் பயனாக 1996-இல் இயற்றப்பட்ட சட்டம், குழந்தைகளைக் காக்கும் பொருட்டு, உணவிலுள்ள மருந்து மிச்சத்தின் எல்லையைக் கணக்கிடும்போது பத்து மடங்கு அதிக எச்சரிக்கையைச் சேர்க்கச் சொல்லிற்று. ஆனால் அங்கேயும் வயல்களில் அடிக்கும் குளோர்பைரிபாஸ் இருபது வருஷங்கள் நீதிமன்றத்துக்கும் அரசியலுக்கும் இடையே பந்தாடப்பட்டது. 2017-இல் ஓர் அதிகாரி அதைத் தடைசெய்ய மறுத்தார், 2021-இல் தடை வந்தது, 2023-இல் ஒரு நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்போ 2020-இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், பல விலக்குகளோடுதான் என்றாலும், உலக முழுவதும் ஒழிக்கவேண்டிய விஷங்களின் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டன.

நம் நாட்டின் கதை வேறு. பிற தேசங்கள் தடைசெய்தோ கட்டுப்படுத்தியோ இருந்த 66 மருந்துகளை ஆராய 2013-இல் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு மே மாதம் 27 மருந்துகளைத் தடைசெய்யும் நகல் உத்தரவு வெளியாயிற்று. குளோர்பைரிபாஸ் அதில் இருந்தது. 2023-இல் இறுதி முடிவு வந்தபோது, அந்த இருபத்தேழில் மிகச் சிலவே தடையுற்றன. குளோர்பைரிபாஸுக்கு இலந்தை, எலுமிச்சை இனங்கள், புகையிலை ஆகிய பயிர்களில் மட்டும் தடை சொல்லி, மற்றவற்றுக்கு வழி திறந்தே விடப்பட்டது. புகையிலைக்கு ஆகாதென்று ஒதுக்கிய மருந்து நம் சோற்றுக்கும் காய்க்கும் ஆகுமென்று வைத்திருப்பதன் தர்க்கத்தை அறிஞர்கள்தாம் விளக்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில், காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின்மீது இருபது வருஷத்துக்கு மேல் ஆகாயத்திலிருந்து எண்டோசல்பானைத் தெளித்ததன் விளைவை எல்லோரும் அறிவர். 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தை நிறுத்திற்று. 2017-இல் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. பிள்ளை பிறந்தபின் நஷ்டஈடு நிர்ணயிக்கும் நீதி, பிறக்குமுன் காக்கும் சட்டத்துக்கு ஈடாகுமா?

மருந்து இல்லாவிட்டால் விளைச்சல் போய்விடும், ஜனங்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்ற ஆட்சேபத்தைப் புறக்கணிக்க முடியாது. ஏனெனில் அதைச் சொல்பவர்களில் கடன்பட்டு நிற்கும் குடியானவனும் ஒருவன். அவன் குற்றவாளி அல்லன். வேளாண்மை அதிகாரி வராத ஊரில் மருந்துக்கடைக்காரர் சொன்னதே அவனுக்கு வேதம். மூடிக் கணக்கில் ஊற்றிக் கலக்கி, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முதலில் விஷத்தைச் சுவாசிப்பவனும் அவனே. ஆனால் ஆட்சேபம் மட்டும் அனுபவத்துக்குப் பொருந்தவில்லை. இந்தோனேஷியாவில் புகையான் பூச்சி நெல்லைச் சூறையாடியபோது, அதன் காரணமே மருந்து மிகுதி என்று கண்டுகொண்ட அந்நாட்டு அரசாங்கம், நெற்பயிருக்கு 57 மருந்துகளை 1986-இல் தடைசெய்தது. பூச்சியைத் தின்னும் சிலந்தியும் பிறவும் திரும்பி வந்தன. நெல் விளைச்சல் குறையவில்லை. இலங்கையில், தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கத்துடன் 1995-லும் அதன் பிறகும் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். தற்கொலைகள் பெருமளவு குறைந்தன, பயிர் விளைச்சல் அதனால் சரியவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. மிகக் கொடியதை முதலில், மாற்று வழியைக் கற்றுக்கொடுத்தபின், தவணை குறித்து நிறுத்துவது என்பதே அந்த தேசங்கள் காட்டிய மார்க்கம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சிலவே. குளோர்பைரிபாஸ் முதலாக ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளை உணவுப் பயிர்களிலிருந்து தவணை வைத்து நீக்க வேண்டும். மருந்து மிச்சத்துக்கு எல்லை வகுக்கும்போது குழந்தைக்கெனத் தனி அளவுகோல் வேண்டும். புதிதாகப் பதிவு கேட்டு வரும் எந்த மருந்துக்கும், வளரும் மூளையின்மீதும் குடல் பாக்டீரியாவின்மீதும் அது என்ன செய்கிறதென்ற பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். அப்பரிசோதனையை விற்பவரின் பணத்தில் மாத்திரம் நடத்தலாகாது. குளோர்பைரிபாஸுக்காக உற்பத்தியாளரின் செலவில் 1998-இல் செய்யப்பட்ட எலிப் பரிசோதனையை ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் இருபது வருஷம் கழித்து மறுபடி எடுத்துப் படித்தபோது, மூளையின் ஒரு பகுதி மிகக் குறைந்த அளவிலும் சிறுத்திருந்தது பதிவேட்டில் இருந்தும் முடிவுரையில் இடம்பெறாததைக் கண்டுபிடித்தார்கள். இன்னும் ஒன்று, தமிழகத்தால் தானே செய்யக்கூடியது: கர்ப்பிணிகள் ஒவ்வொருவரையும் பதிவு செய்யும் ஏற்பாடும், கிராம சுகாதாரச் செவிலியரும், அங்கன்வாடியும் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. சலினாஸில் 600 தாய்மாரைக் கொண்டு செய்ததை, மருந்து மிகுதியாக அடிக்கும் நம் காய்கறி மாவட்டங்களில், குடல் பாக்டீரியாவையும் சேர்த்து அளந்து, பத்து மடங்கு பெரிதாகச் செய்ய முடியும். விட்டுப்போன முடிச்சைப் போட்டு முடிக்க மதுரையைவிடத் தகுதியான இடம் உலகத்தில் அதிகம் இல்லை.

மாநில அரசாங்கத்தின் கையில் இன்று இருக்கும் அதிகாரம் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, அபாயம் உண்டென்று கருதினால் ஒரு மருந்தை 60 நாள் நிறுத்தி வைக்கவும், விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள் நீட்டிக்கவும் இடம் கொடுக்கிறது. தற்கொலைகளைத் தடுக்கும் பொருட்டுத் தமிழக அரசு ஒருமுறை இந்தப் பிரிவைப் பயன்படுத்தி ஆறு மருந்துகளை 60 நாளைக்கு நிறுத்தியது. தவணை முடிந்ததும் அவை கடைக்குத் திரும்பிவிட்டன. இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவரும் பேச்சு 2008-லிருந்து நடந்துவருகிறது. அந்தப் புதிய சட்டத்தை எழுதுகிறவர்களிடம் நம் பிரதிநிதிகள் எடுத்துச்சொல்ல வேண்டிய கணக்கு மிகவும் சிறியது: தாயின் கர்ப்பம் 280 நாள், அதன்பின் குடலும் மூளையும் சேர்ந்து வளரும் காலம் சுமார் ஆயிரம் நாள், தொண்ணூறு நாளில் காலாவதியாகும் அதிகாரத்தைக் கொண்டு எந்த மாநிலமும் தன் குழந்தைகளைக் காத்துவிட முடியாது.